கடுக்காயும் வெறும் வயிற்று மாத்திரையும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் பக்கம் இன்றைக்கு வயிற்றில் எந்தக் கோளாறு வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: அல்சர். நெஞ்சு எரிந்தால் அல்சர். சாப்பிட்டதும் வயிறு உப்பினால் அல்சர். ஆலைக்கு வெட்டிப்போட்ட கரும்புக்குப் பணம் வராமல், தட்டில் போட்ட சோறு உள்ளே இறங்காமல் ஒருவர் எழுந்து கைகழுவினால் அதுவும் அல்சர். பிளஸ் டூ தேர்வன்று விடியற்காலையில் நாலு தடவை கொல்லைப்பக்கம் ஓடும் பிள்ளையைப் பார்த்து அம்மா சொல்வதும், "இதுக்கு அல்சர் இருக்கு, காலையில எதுவும் துன்னாது." இவர்களில் பலருக்கு எண்டோஸ்கோபி செய்து பார்த்தால் உள்ளே ஒரு புண்ணும் இருக்காது.

பெயர் ஒன்றாகிவிட்டதால் மருந்தும் ஒன்றாகிவிட்டது. 'வெறும் வயித்து மாத்திரை' என்று கேட்டால் எந்த மெடிக்கலிலும் கொடுப்பார்கள். அது பான்டோப்ரசோலா ராபிப்ரசோலா என்று யாரும் பார்ப்பதில்லை. தீர்ந்துபோன அட்டையைக் காட்டினால் அதே நிறத்தில் இன்னொரு அட்டை வரும். அமிலச் சுரப்பைக் கட்டுப்படுத்துவதற்கு இவை நல்ல மருந்துகள். ஆனால் தேர்வன்று வரும் கழிச்சலுக்கும், கடன்காரர் வரும் நாளில் அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலிக்கும் அமிலம் காரணமே இல்லை. காரணம் இல்லாத இடத்தில் மருந்தைப் போட்டுவிட்டு, "எத்தனை வருஷமா மாத்திரை போடுறேன், சரியாவல" என்று சலித்துக்கொள்கிறோம்.

இரண்டு தலைமுறைக்கு முன்னால் வயிற்று நோவுக்கு ஏகப்பட்ட பெயர்கள் இருந்தன. பொருமல் வேறு, மந்தம் வேறு, கிராணி வேறு. எரிச்சலும் புரட்டலுமாக வருஷக்கணக்கில் ஆளை வாட்டினால் அது குன்மம். சித்த மருத்துவத்தில் குன்மத்தையே எட்டாகப் பிரித்திருக்கிறார்கள். குழந்தை எதையோ கண்டு மிரண்டு, அன்று ராத்திரியே பேதியானால் 'பயந்த வயிறு' என்பார்கள். விளையாட்டில் விழுந்து எழுந்த பிள்ளை வாந்தியும் பேதியுமாகத் துவண்டால் குடலேற்றம் என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதற்கென்று ஊரில் ஒரு பாட்டி இருப்பார். விளக்கெண்ணெய் தொட்டு வயிற்றை நீவி, ஏறிய குடலை இறக்கிவிட்டதாகச் சொல்லி அனுப்புவார்.

குடல் அப்படி ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நீவிவிட்டால் போதும் என்று இருந்ததில், உடம்பில் தண்ணீர் வற்றிப் போன குழந்தைகளும் உண்டு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வந்த பிறகு காப்பாற்றப்பட்ட உயிர்களுக்கு எந்தப் பாட்டி வைத்தியமும் ஈடாகாது. 'அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஆனாலும் அந்தப் பழைய கணக்கில் ஒன்று இருந்தது. பயம், துக்கம், கோபம் எல்லாம் நேராக வயிற்றுக்குப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வைத்தியர் நாடியைப் பிடித்தபடியே தூக்கம் எப்படி, கனவு வருகிறதா, வீட்டில் என்ன சச்சரவு, மழை இல்லாத வருஷத்தில் கிணறு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்பார். இது கிராமத்து வைத்தியரின் அரட்டை மட்டும் அல்ல. அளவோடு நல்ல உணவையே உண்டாலும் கவலை, துக்கம், பயம், கோபம் இருந்தால் அது செரிக்காது என்று சரக சம்ஹிதையே சொல்கிறது. சித்த மருந்திலும் வயிற்றுக்குத் தரும் சரக்கோடு பத்தியம் சேர்ந்தே வரும். புளி தள்ளு, மிளகாய் தள்ளு, மோர் சேர், ராத்திரி விழிக்காதே.

சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கண் தானாகவே மேற்குப் பக்கம் போகும். கல்வராயன் மலை. வெள்ளிமலையையும் கரியாலூரையும் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடியினரின் காடு. 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சிதான் நடந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலையில் இன்று மரவள்ளி பரவிக் கிடக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் மாறாமல் அங்கிருந்து இறங்கிவருபவை தேன், புளி, நெல்லிக்காய், கடுக்காய். அன்று தலைச்சுமையாகக் கச்சிராயபாளையம் வழியே இறங்கியது, இன்று மலைப்பாதையில் வண்டியில் இறங்குகிறது.

கடுக்காய் மலையை விட்டு இறங்கியது பெரும்பாலும் வயிற்றுக்காக அல்ல, தோலுக்காக. கடுக்காய்க்குப் பெரிய சந்தை தோல் பதனிடும் தொழில்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தமிழ்நாட்டுத் தொட்டிகளில் தோல் பதமானது. குரோமிய உப்பு வந்த பிறகு அந்தச் சந்தை சுருங்கியது. கோயில் திருப்பணிக்கும் மச்சு வீட்டுக்கும் அரைத்த சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். சிமென்ட் வந்து அதையும் ஓரங்கட்டியது. இன்னொரு சந்தை சொல்லக் கூசும் சந்தை. மலை ஓடைகளில் போலீஸ் கொட்டி அழிக்கும் சாராய ஊறலில் வெல்லத்தோடும் வேலம்பட்டையோடும் கடுக்காய் கிடப்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தோலைப் பதமாக்கிய அதே டானின்தான் வயிற்றிலும் வேலை செய்கிறது. கடுக்காயில் செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம் என்று டானின் வகைகள் நிறைந்திருக்கின்றன. புரதத்தைப் பிடித்து இறுக்குவது அவற்றின் குணம். குடலின் உட்பரப்பில் படும்போது கசிவு குறைகிறது, நீராகப் போவது கட்டுப்படுகிறது. அளவு கூடினால் அதே கடுக்காய் மலத்தை இளக்கவும் செய்யும். இரவில் கடுக்காய்ப்பொடி சாப்பிட்டுக் காலையில் வயிறு சுத்தமாகிறது என்பவர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். கொட்டையை நீக்காமல் இடிக்கக்கூடாது, சுக்கைத் தோல் சீவாமல் சேர்க்கக்கூடாது என்று வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது.

இதற்கு மேல் நடப்பது இன்னும் சுவையானது. கடுக்காயின் பெரிய டானின்கள் அப்படியே ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அவற்றை உடைத்து, யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறுகளாக மாற்றித் தருகின்றன. அப்படி மாற்றத்தெரிந்த நுண்ணுயிரிகள் எல்லார் குடலிலும் இருப்பதில்லை. ஒரே மலையில் பறித்த ஒரே கடுக்காயை இருவர் தின்றாலும் இருவர் உடம்பிலும் சேர்வது ஒரே மருந்து அல்ல. 'அவருக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கல' என்ற பேச்சுக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

சரக்கு இருக்கட்டும், மனசுக்கு வருவோம். மூளைக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவை மேல்நாட்டு மருத்துவம் கண்ணால் பார்த்தது ஒரு விபத்தில். 1822-ல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிச் சூடு பட்டது. காயம் ஆறினாலும் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் அந்த ஓட்டை வழியே வருஷக்கணக்கில் எட்டிப் பார்த்து, 1833-ல் புத்தகமாக எழுதினார். அந்த மனிதர் கோபப்படும்போது இரைப்பையின் நிறமும் சுரப்பும் மாறியதையும் குறித்து வைத்தார்.

இன்று ஓட்டை தேவைப்படுவதில்லை. குடல் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் கொண்ட தனி வலைப்பின்னல் இருக்கிறது. உடம்பின் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உண்டாவது குடலில். மூளைக்கும் குடலுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகின்றன. வயிறுதான் தலைக்கு அதிகம் பேசுகிறது என்று அர்த்தம். தேர்வுக்குப் பயந்த பிள்ளையின் மூளையில் சி.ஆர்.எஃப். என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, பெருங்குடலை முடுக்கிவிடுகிறது. காலையில் எதுவும் சாப்பிடப் பிடிக்காததும், நாலு தடவை கொல்லைக்குப் போவதும் ஒரே ஹார்மோனின் இரண்டு வேலைகள். அல்சர் இதில் எங்கும் வரவில்லை.

அப்படியானால் அல்சர் என்ற சொல் எப்படி நம் வாயில் இப்படி ஒட்டிக்கொண்டது? அல்சர் ஒரு காலத்தில் கவலையின் நோயாகத்தான் இருந்தது. டென்ஷன் பட்டால் இரைப்பையில் புண் வரும் என்று டாக்டர்களே சொன்னார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் என்பது பின்னர் உறுதியானது. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தும் பார்த்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. மருத்துவத்துக்கு அது பெரிய வெற்றி. கவலையை வயிற்றிலிருந்து வெளியே தள்ளியதும் அதே வெற்றிதான். புண் உள்ளவருக்கு ஆன்டிபயாடிக் கிடைத்தது. புண் இல்லாமல் நோகிறவருக்கு 'ஒண்ணும் இல்ல, போங்க' என்ற பதிலும், கையில் ஒரு அமில மாத்திரையும் கிடைத்தன.

தள்ளப்பட்ட கவலையைத் திரும்ப உள்ளே அழைத்துவர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 2016-ல் வந்த ரோம் நான்காம் வரையறையில் இவற்றைக் குடல்-மூளை ஊடாட்டக் கோளாறுகள் என்று மறுபெயரிட்டார்கள். 2021-ல் வெளியான 33 நாடுகளின் ஆய்வில் 73,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். இணையவழியே கேட்ட நாடுகளில் பத்தில் நால்வருக்கும், வீடு வீடாகப் போய்க் கேட்ட நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கும் இப்படி ஒரு கோளாறு இருந்தது. இந்தியா இரண்டாவது வரிசையில் உள்ளது. இவற்றில் அதிகம் பேசப்படுவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். டாக்டர்கள் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்பார்கள். கலெக்டருக்கு அடுத்த பெரிய அதிகாரி என்று அந்த மூன்றெழுத்தைப் படித்த நம் ஊர்க்காரருக்கு, அது தன் குடலுக்கு வந்திருக்கிறது என்றால் சிரிப்புதான் வரும்.

இனி மூலிகைக்கு வருவோம். 'முன்னோர் அன்றே சொன்னார்கள், விஞ்ஞானம் இன்று ஒப்புக்கொண்டது' என்ற வாட்ஸ்அப் வசனத்தை நான் நம்புவதில்லை. ஒப்புக்கொண்டதா என்று சோதனையைத்தான் கேட்க வேண்டும். நம் நாட்டிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 1989-ல் வெளியான ஆய்வில் காசி இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஐ.பி.எஸ். உள்ள 169 பேரைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வில்வமும் நீர்ப்பிரமியும் சேர்ந்த மருந்து. இன்னொரு பகுதியினருக்கு அன்றைய வழக்கமான ஆங்கில மருந்து. மிச்சமிருந்தோருக்கு வெற்று மருந்து. எனக்கு இந்தச் சேர்க்கையே பிடித்திருக்கிறது. வில்வப் பிஞ்சு கழிச்சலைக் கட்டுவது. நீர்ப்பிரமி மனசுக்கும் ஞாபகத்துக்கும் கொடுப்பது. ஒன்று வயிற்றுக்கு, ஒன்று தலைக்கு. மூலிகை மருந்தில் 64.9 சதவீதம் பேர் தேறினார்கள். ஆங்கில மருந்தில் 78.3 சதவீதம், வெற்று மருந்தில் 32.7 சதவீதம். கழிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கு மூலிகை நன்றாகவே கேட்டது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் மேடையில் கைதட்டு வாங்கலாம். அவர்கள் ஆறு மாதத்துக்கு மேலும் தொடர்ந்து பார்த்தார்கள். நோய் திரும்பி வருவதைத் தடுப்பதில் இரண்டு மருந்துமே வெற்று மருந்தை விஞ்சவில்லை.

மற்றவற்றின் கதையும் இதே மாதிரி பாதிக்கிணறுதான். இஞ்சி காயும்போது அதன் ஜிஞ்சரால் ஷோகாலாக மாறி, சுக்குக்கு உறைப்பு கூடுகிறது. குமட்டலுக்கு டாக்டர் தரும் ஆன்டன்செட்ரான் எந்த செரட்டோனின் ஏற்பியை அடைக்கிறதோ அதையேதான் இவையும் தொடுகின்றன. மசக்கைக்குச் சுக்கு கேட்பதில் அதிசயம் இல்லை. ஆனால் 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஐ.பி.எஸ். உள்ள 45 பேருக்கு இஞ்சி கொடுத்துப் பார்த்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். புதினா எண்ணெயின் மெந்தால் குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. குடலில் போய்க் கரையும் உறையோடு தரும் புதினா எண்ணெய்க்கு அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2021 வழிகாட்டியில் இடம் தந்தது. ஓமத்தில் தைமால், சீரகத்தில் கியுமினால்டிஹைடு, பெருங்காயத்தில் கந்தகச் சேர்மங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இரண்டு சீரகம், இந்துப்பு, பெருங்காயம் சேர்ந்த அஷ்டாதி சூரணம் இன்றும் பொருமலுக்குப் பெயர்பெற்ற சித்த மருந்து.

ஆக, சரக்குகள் குடல் சுவரில் உண்மையாகவே வேலை செய்கின்றன. அந்த வேலை பாதி. மிச்சப் பாதி எங்கே என்பதற்கு ஹார்வர்டின் டெட் கேப்சக் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு துப்பு இருக்கிறது. 262 ஐ.பி.எஸ். நோயாளிகளை அவர் குழு மூன்றாகப் பிரித்தது. காத்திருக்கச் சொன்னவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தேவலை. அதிகம் பேச்சில்லாமல், ஊசி உள்ளே இறங்காத போலி அக்குபங்சர் செய்யப்பட்டவர்களில் 44 சதவீதம். அதே போலிச் சிகிச்சையோடு, உட்கார வைத்து அக்கறையாக விசாரிக்கப்பட்டவர்களில் 62 சதவீதம். மருந்தே இல்லாத சிகிச்சை, பேச்சு சேர்ந்ததும் காசியின் மூலிகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ரிஷிவந்தியம் அன்றிலிருந்து இன்றுக்கு வரும் வழியில் தொலைத்தது இந்தப் பாதியைத்தான். சரக்கு ஒன்றும் தொலையவில்லை. நாட்டு மருந்துக் கடையில் அன்று இல்லாத மூலிகைகூட இன்று கிடைக்கிறது. பாக்கெட்டில், மாத்திரையில், கூரியரில். தொலைந்தவை வைத்தியரின் விசாரிப்பும் பத்தியமும். பத்தியம் என்பது புளியைத் தள்ளுவது மட்டும் இல்லை. பத்தியத்தில் இருக்கிறவரை யாரும் வேலைக்கு விரட்டமாட்டார்கள், அவருக்குத் தனியாக உலை வைப்பார்கள், சண்டை இழுக்கமாட்டார்கள். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய் ஷிஃப்டில் வேலை பார்க்கும் பையனுக்கு யார் தனி உலை வைப்பது? அவன் கையில் சூரணம் போய்ச் சேரும், பத்தியம் சேராது.

ஆச்சரியம், பத்தியம் வேறு வேஷத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வருகிறது. மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் உணவுமுறையில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகை, பால் ஆகியவற்றைச் சில வாரம் குறைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறார்கள். ஐ.பி.எஸ்.ஸில் பலருக்கு இது கேட்கிறது. வெங்காயத்தின் மணத்துக்குப் பதிலாக அவர்கள் சொல்லும் சரக்கு என்ன தெரியுமா? நம் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரக்கு மட்டும் தனியாக வருவதில் ஆபத்தும் உண்டு. மஞ்சளின் குர்குமின் லேசில் ரத்தத்தில் சேராது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் இருபது மடங்கு சேரும் என்று 1998-ல் பெங்களூரில் கண்டார்கள். குழம்பில் போடும் அளவுக்கு அது நல்ல செய்தி. குர்குமினைப் பிரித்தெடுத்து, உறிஞ்சலைக் கூட்டி, மாத்திரையாக்கியபோது கல்லீரல் பாதிப்புகள் தெரிந்து இத்தாலி 2022-லும் ஆஸ்திரேலியா 2023-லும் எச்சரித்தன. மன அழுத்தத்துக்கென்று விற்கும் அமுக்கராவை டென்மார்க் 2023-ல் தடைசெய்தது. அதிமதுரத்தைத் தினமும் மென்றால் ரத்தக்கொதிப்பு ஏறும், பொட்டாசியம் இறங்கும். வசம்பை உரைத்துக் கைக்குழந்தை நாக்கில் தடவும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உள்ள பீட்டா அசரோன் காரணமாக 1968-லேயே அமெரிக்கா உணவில் வசம்பைத் தடைசெய்துவிட்டது. இந்திய வசம்பில்தான் அந்தப் பொருள் மிக அதிகம். அந்த உரைகல்லை எடுத்து வைத்துவிடலாம்.

கவலைக்கு இந்த மாவட்டம் அதிகம் நாடும் சரக்கு இவை எதுவும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உடம்பு வலிக்கும் மனசுக்கும் சேர்த்து ஒரு பாக்கெட் குடித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் அதில் பலர். செத்தவர்களை எண்ணினோம். அன்றாடம் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டு, காலையில் வெறும் வயிற்று மாத்திரையும் போடுகிறவர்களை யார் எண்ணுகிறார்கள்?

தலையையும் வயிற்றையும் சேர்த்துப் பார்க்கும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இருக்கிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான அட்லாண்டிஸ் ஆய்வில், மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலினை மிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது ஐ.பி.எஸ். தொல்லை நன்றாகவே குறைந்தது. விலையும் குறைவு. சீட்டைப் பார்த்த கடைக்காரர் "இது மென்டல் மாத்திரையாச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அட்டை பிரிக்கப்படாமலே பரணுக்குப் போகும். கடுக்காய்க்கு அந்த அவமானம் இல்லை. அதனாலும்தான் மூலிகை இங்கே நிலைத்திருக்கிறது.

2022-லிருந்து கள்ளக்குறிச்சி அருகே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்பு போல விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ இப்போது போகவேண்டியதில்லை. வருஷக்கணக்கில் வந்துவந்து போகும் வயிற்றுத் தொல்லை, பரீட்சைக்கும் பணமுடைக்கும் கூடுகிறது, விசேஷ நாளில் மறந்துபோகிறது என்றால் ஓமத்தண்ணீரும் சீரகமும், பத்தியமும், மனசுவிட்டுப் பேச ஒரு ஆளும் போதுமானதாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி, மலத்தில் ரத்தம், கறுப்பாகப் போவது, காரணமின்றி எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், விழுங்கச் சிரமம், ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் சூரணமும் வேண்டாம், வெறும் வயிற்று மாத்திரையும் வேண்டாம். முதலில் சிறுவங்கூருக்கு பஸ் ஏறட்டும். கடுக்காய் எங்கும் போய்விடாது.